லுக்குட்டில் கிடைக்காத வால்வு

ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருந்த இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகளில் ஒன்று ஊதாவாக எரிந்தது. ஆரஞ்சு நிறத்தில்தான் எரிய வேண்டும் என்பது அமிர்தலிங்கத்துக்குத் தெரியும். ஊதா ஏன் என்பது தெரியாது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பளிச்சென்று மின்னி அணைந்தது. மடியில் இருந்த கிதார் ஊமையானது.

"என்னடா நிறுத்திட்டே?" அடுப்படியிலிருந்து அக்கா செல்லம்மா கேட்டாள்.

"நான் நிறுத்தல. அதுவா நின்னுச்சு."

"அதுக்காவது புத்தி வந்துச்சே."

அது ஹவாயன் கிதார். மடியில் படுக்கவைத்து, இரும்புக் கட்டையைக் கம்பிகள்மேல் இழுத்து வாசிப்பது. பெட்டியின் துணை இல்லாவிட்டால் அது கம்பி கட்டிய பலகை. சீமைக்குத் திரும்பிப்போன சின்னத் துரை ஒருவர் கிதாரையும் பெட்டியையும் விட்டுப்போனார். ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த அமிர்தலிங்கம் அவற்றை எடுத்துக்கொண்டான். வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை.

செல்லம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"மாரியம்மன் திருவிழாவுக்கு லுக்குட் ரேடியோக் கடைக்காரரு குடும்பத்தோட வர்றாரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"திருவிழா முடிஞ்சதும் நீலாய் காண்ட்ராக்டரு வீட்டுலேருந்து கடைக்காரரு மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அதுவும் ஞாபகம் இருக்கா?"

அமிர்தலிங்கத்துக்குச் சில வாரங்களாக வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை.

கடைக்காரர் மகள் பெயர் பஞ்சாலை. அவளைப் பார்ப்பதற்காக அவன் மாதம் தவறாமல் லுக்குட்டுக்குப் போய் கிராமபோன் ஊசி வாங்கி வந்தான். அவனிடம் கிராமபோன் இல்லை. ஊசியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவளிடம் பேசியதும் இல்லை. அதனால் செல்லம்மாவும் அவள் புருஷன், கங்காணி வேலை பார்க்கும் தங்கராஜு மண்டோரும் ஒரு யோசனை செய்திருந்தார்கள். திருவிழாவில் இவன் கிதார் வாசிப்பது. கடைக்காரர் மனம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் தங்கராஜு போய்ப் பேச்சை எடுப்பது.

"பெட்டி பாடலைன்னா?" என்றான் அமிர்தலிங்கம்.

"ரேடியோக் கடைக்காரரு மகளைக் கேக்கறவன், ஒரு பல்பைக்கூட மாட்டத் தெரியாதவனா இருந்தா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா உங்க மாமா போய்ப் பேசுவாரு?"

மறுநாள் அவன் செத்த வால்வை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கடையின் முன்பக்கம் கடைக்காரர் ராமகிருஷ்ணன் ஒரு ரேடியோவைத் திறந்துவைத்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வால்வா தம்பி? உள்ளே பஞ்சாலைகிட்ட கேளுங்க. கண்ணாடி மேல அடிச்சிருக்கற நம்பரெல்லாம் எனக்கு இப்ப புள்ளி புள்ளியாத்தான் தெரியுது."

பஞ்சாலை பின்பக்கத்தில் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஊசிப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

"ஊசி இல்லைங்க. இது," என்று வால்வை நீட்டினான்.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காதருகே வைத்து ஆட்டினாள்.

"சிக்ஸ் வி சிக்ஸ். செத்துப்போச்சு. எதுல இருந்தது?"

"கிதார் பெட்டியில. திருவிழாவுக்கு வாசிக்கணும்."

அவள் ஒரு கணம் அவனையும் வால்வையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேல் அலமாரியைப் பார்த்தாள்.

"இல்ல."

"எப்ப வரும்?"

"கப்பல்ல வரணும். கப்பலுக்கு என்ன அவசரம்?" அவள் குனிந்து, பஞ்சில் சுற்றிய இரண்டு கறுப்பு உருளைகளை எடுத்தாள். "இது சிக்ஸ் எல் சிக்ஸ். மிலிட்டரி ஏலத்துல வந்தது. இரும்பு ஒடம்பு, ஒடையாது. கால் அதே கால்தான். ஒரே ஒரு ரெசிஸ்டர் மாத்தணும். ஹீட்டர் கொஞ்சம் கூடக் குடிக்கும்."

"குடிக்கட்டும்," என்றான் அவளுடைய வளையல்களிடம்.

"ஈயம் வைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

ஆபீஸ் மண்ணெண்ணெய்ப் புனலுக்கு ஒருமுறை ஈயம் வைத்திருக்கிறான். புனல் இன்னமும் ஒழுகுகிறது.

தோட்டத்து வாசலில் முள்கம்பி வேலியும் காவல் கொட்டாயும் இருந்தன. மலாய் நாட்டில் அவசரகாலம் வந்த பிறகு எல்லாத் தோட்டங்களிலும் அப்படித்தான். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கலகக்காரர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்பதற்காக, மூடிய டின் எதுவும் முழுசாக உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. பால் டின்னோ மீன் டின்னோ, ஓட்டை போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். ஓட்டை போட்ட டின்னைப் பதுக்கிவைக்க முடியாது அல்லவா. செல்லம்மாவின் பால் டின்னில் பாதி நாள் எறும்புதான் குடியிருந்தது.

அன்று காவலில் வீரமுத்து நின்றான். அமிர்தலிங்கத்தோடு தோட்டத்துப் பள்ளியில் படித்தவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், இப்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். போன வாரம் யாரோ ஒரு மீன் டின்னை அவன் கண்ணில் படாமல் உள்ளே கொண்டுபோய்விட்டதால் போலீஸ் சார்ஜனிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருந்தான்.

"இது என்ன டின்னு?"

"டின் இல்லடா. வால்வு."

"தகரமா இல்லையா?"

"இரும்பு."

"மூடியிருக்கா இல்லையா?"

"மூடித்தான் இருக்கும். உள்ளே ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா பஞ்சுல சுத்தி, சட்டைக்குள்ளே வச்சுக் கொண்டாந்தே?"

"ஒண்ணுமில்லாம இருக்கறதுதான்டா அதோட வேலை. காத்துகூட இருக்கக்கூடாது."

வீரமுத்து அவனை இரக்கத்தோடு பார்த்தான். "கிராணி, நான் உன்னளவு படிக்கலதான். ஆனா ஒண்ணுமில்லாத டின்ன எவனும் விக்க மாட்டான், எவனும் வாங்க மாட்டான்."

கூர் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். உஸ்ஸென்று சத்தம் வந்தது.

"பாத்தியா, காத்து வெளிய வருது."

"உள்ளே போகுது."

"எங்க போனா என்ன, காத்து காத்துதான்." நியாயமாக இருக்க வேண்டும் என்று இரண்டாவதற்கும் ஓட்டை போட்டான். மோந்து பார்த்தான். "மீன் இல்ல," என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "சரி, கொண்டுபோ. இன்னைக்கே தின்னு முடிச்சிடணும்."

மறுபடி லுக்குட் கடையில், ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பஞ்சாலை இரண்டு வால்வுகளையும் தூக்கிப் பார்த்தாள். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. திரும்பி வர நேரமாயிற்று.

"தூசி," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சிக்ஸ் வி சிக்ஸ் கப்பல்..."

"வரல." அடுத்த பெட்டியைத் திறந்தாள். "கண்ணாடியே வாங்கிக்கோங்க. இதுக்கு எண்ணூத்தி ஏழுன்னு பேரு. மிலிட்டரிக்காரங்க செய்தி அனுப்பற மெஷின்ல இருந்தது. இதுக்குக் கால் அஞ்சு. உங்க பெட்டி சாக்கெட்டுல எட்டு. அதனால சாக்கெட்டு மாத்தணும்."

"மாத்திடலாம்."

"தலையில ஒரு தொப்பி இருக்கு பாருங்க. அதுக்குத் தனியா ஒரு வயரு போகணும். வயரு குட்டையா இருக்கணும்."

அவள் 'குட்டையா' என்று சொன்னபோது அவன் அவள் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல் காதில் விழவில்லை.

முன்பக்கத்திலிருந்து ராமகிருஷ்ணன் குரல் கொடுத்தார். "பெட்டியைத்தான் இங்க கொண்டாங்களேன்லா தம்பி. ஒரு நிமிஷத்துல பாத்துத் தர்றேன்."

அமிர்தலிங்கம் ஒரு அடி பின்வாங்கினான். பெட்டியைத் திறந்தால் ரெசிஸ்டருக்கு அவன் வைத்த ஈயம் தெரியும்.

"உங்களுக்கு எதுக்குங்கய்யா சிரமம்? நானே பாத்துக்கறேன்."

"தெரிஞ்ச வேலைதானே," என்றாள் பஞ்சாலை, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

வீரமுத்து இரண்டு கண்ணாடி வால்வுகளையும் கையில் உருட்டிப் பார்த்தான். "இது போத்தலு. போத்தலுக்கு ஓட்டை போடச் சொல்லி உத்தரவு இல்ல. போ."

புதிய சாக்கெட்டுகள் பெரியவை. தகட்டில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. தோட்டத்து ஆலையிலிருந்து உளியை இரவல் வாங்கி வந்து அடித்தான். வட்டமாக வர வேண்டியது பலாக்காய் வடிவில் வந்தது. வால்வுகள் உயரமானவை. பெட்டியின் மேல்மூடி மூடவில்லை. மூடியிலும் இரண்டு ஓட்டைகள் போட்டான். இரண்டு வால்வுகளும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. தொப்பிகளுக்கு வயர் இழுத்தான். அழகாக இருக்கட்டும் என்று நீளமாகவே விட்டு, பெட்டியைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினான்.

செல்லம்மா சுற்றிவந்து பார்த்தாள்.

"கொம்பு நல்லா வந்திருக்கு. மாட்டுப் பொங்கலுக்கு வர்ணம் அடிச்சுடலாம்."

ஆலை எஞ்சின் ஓடத் தொடங்கி மின்சாரம் வந்ததும் சுவிட்சைப் போட்டான். இரண்டு கொம்புகளும் அழகாகச் சிவந்தன. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்கு அடியிலிருந்து கறுப்பாக ஏதோ ஒழுகியது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருந்த தார். புது வால்வுகள் பழையவற்றைப்போல் இரண்டு மடங்கு குடித்தன. டிரான்ஸ்ஃபார்மருக்கு அவ்வளவு ஊற்றிக்கொடுக்கத் தெம்பில்லை. தார் செல்லம்மாவின் புதுப்பாயில் ஒரு குளமாகத் தேங்கியது. பிறகு ஃபியூஸ் போயிற்று. கிராணி வீடுகள் வரிசை முழுவதும் இருட்டில் மூழ்கியது. சோற்றில் கை வைத்திருந்த பெரிய கிராணி ஜன்னலைத் திறந்து, அமிர்தலிங்கத்தைப் பெயர் சொல்லியே திட்டினார். யார் வேலை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னொரு தடவை லைட்டு போச்சுன்னா, கோயில்ல நீ மணிதான் ஆட்டணும்," என்றார்.

பஞ்சாலை புது டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றித் தந்தாள். "நான் சுத்தினா கொதிக்காது," என்றாள். அவன் அதைத் தொட்டில் பிள்ளையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். வீரமுத்து அந்த இரும்புக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடி எங்கே இருக்கிறது என்று தேடினான். தூக்கிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"ஓட்டை போட இதுல எடமே இல்ல. போ."

இந்த முறை தார் ஒழுகவில்லை. ஃபியூஸ் போகவில்லை. கொம்புகள் சிவந்தன. அமிர்தலிங்கம் கம்பியை மீட்டினான்.

சத்தம் வரவில்லை.

எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருப்பினான். வரவில்லை. திருவிழாவில் பாடுபவருக்காக வைத்திருந்த மைக்கைச் செருகி, "ஹலோ, ஹலோ," என்றான். ஒலிபெருக்கி மூச்சுகூட விடவில்லை.

செல்லம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. சத்தம் வராத மைக்கைப்போல் பேச வசதியான ஆள் வேறு இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஐயா, நான் தோட்டத்துச் சின்னக் கிராணி. உங்க மகள் பஞ்சாலையை..." நிறுத்தினான். "வணக்கம்யா. நான் அமிர்தலிங்கம். கிராமபோன் ஊசி வாங்குவேனே, அவன்தான். எங்கிட்ட கிராமபோன் கிடையாது." அது சரியாக இல்லை. "ஐயா, பஞ்சாலை இல்லாம என்னால..." அது இன்னும் மோசம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நன்றாகப் பழகி வந்த சமயத்தில் கதவு தட்டப்பட்டது. வீரமுத்து மூச்சிரைக்க நின்றான்.

"கிராணி, 'வணக்கம்யா'ன்னே ஆரம்பி. அதுதான் நல்லா இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காவல் கொட்டாய் ரேடியோவுல பாட்டு கேட்டுட்டிருந்தோம். பாட்டை அமுக்கிட்டு நீ வந்தே. பங்களாவுல பெரிய துரை செய்தி கேட்டுட்டிருந்தாராம், அதுலயும் நீதான். கிராமபோன் சமாசாரத்தை மட்டும் எடுத்துடு."

"கொட்டாய்ல வேற யாரு இருந்தா?"

"சார்ஜன்," என்றான் வீரமுத்து. "பின்னாடிதான் வர்றாரு."

செய்தி அனுப்பப் பிறந்த வால்வுகள் அவை. அவற்றின் தலைக்கு பெட்டியைச் சுற்றிய நீள வயரும் கிடைத்ததும், பிறந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டன.

சார்ஜன் வாசலிலேயே நின்று, சிவந்து எரிந்த கொம்புகளைப் பார்த்தார். கைத்துப்பாக்கி உறையின் பித்தானைக் கழற்றினார். உத்தரவில்லாமல் ரேடியோவில் பேசுவது அந்த நாட்களில் விளையாட்டு அல்ல.

"பஞ்சாலை, சியாப்பா?" என்றார் மலாயில்.

"யாரு அந்தப் பஞ்சாலைன்னு கேக்கறாரு," என்றான் வீரமுத்து.

அமிர்தலிங்கம் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண்ணின் பெயரைப் போலீசில் எப்படிச் சொல்வது? அவன் பேசாமல் இருக்க இருக்க, சார்ஜனுக்கு அந்தப் பெயரில் காட்டுக்குள் ஒரு பெரிய கூட்டமே இருப்பதாகப் பட்டது.

"லுக்குட் ரேடியோக் கடைப் பொண்ணுன்னு சொல்லித் தொலையேன்டா," என்றான் வீரமுத்து. சொன்ன பிறகுதான், தானே சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

மறுநாள் காலை போலீஸ் ஜீப் லுக்குட்டுக்குப் போனது. வீரமுத்தும் கூடப் போனான். திரும்பி வந்ததும் நேராக ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான்.

"போனதும் சார்ஜன், பஞ்சாலைன்னு நெசமாவே ஒரு ஆள் இருக்காளான்னு கேட்டாரு. கடைக்காரரு, இருக்கா, என் மகதான்னாரு. 'உன் மகளைக் கட்டிக்குடுக்கச் சொல்லி ஒருத்தன் ரேடியோவுல பேசறான், தெரியுமா'ன்னாரு சார்ஜன்."

அமிர்தலிங்கம் பேனாவைக் கீழே வைத்தான். "அதுக்கு அவரு?"

"கையில இருந்த ரேடியோவைக் கீழ வச்சாரு. அப்புறம், 'எந்த அலைவரிசையில'ன்னு கேட்டாரு."

"பஞ்சாலை?"

"உள்ளே இருந்துச்சு. எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டுச்சு."

சார்ஜனின் முடிவு இது: பெட்டியை யாரும் தொடக்கூடாது. லைசென்ஸ் உள்ள ரேடியோக்காரர் வந்து திறந்து பார்த்து, அது செய்தி அனுப்பும் மெஷினா, பாட்டுப் பெட்டியா என்று சொல்ல வேண்டும். மெஷின் என்று சொல்லிவிட்டால் பெட்டியும் பெட்டிக்காரனும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். ராமகிருஷ்ணன் திருவிழாவுக்கு எப்படியும் வருகிறவர். அன்று காலையிலேயே வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

அமிர்தலிங்கத்துக்கு ஸ்டேஷன்கூடப் பெரிதாகப் படவில்லை. அவர் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்.

திருவிழா அன்று ஊரடங்குக்கு முன்னால் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் விடிந்ததுமே மேளம் கேட்டது. ராமகிருஷ்ணன் சாமான் பையோடு வந்தார். பின்னால் பஞ்சாலை. அவளுக்குப் பின்னால் அவள் அம்மா மயிலம்மாள், வெற்றிலையை மென்றுகொண்டே வந்து செல்லம்மாவின் அடுப்படி வாசலில் வசதியாக உட்கார்ந்தாள். சார்ஜன் ஒரு நாற்காலியில். வீரமுத்து துப்பாக்கியோடு கதவருகில். தங்கராஜு மண்டோர் புது வேட்டி கட்டிக்கொண்டு, எந்தப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் ஒரு மூலையில் நின்றார்.

ராமகிருஷ்ணன் பெட்டியைத் திறந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். பலாக்காய் ஓட்டைகளைப் பார்த்தார். கொழுக்கட்டை அளவுக்கு உருண்டு நின்ற ஈயத்தைத் தொட்டுப் பார்த்தார். சுற்றிவந்த வயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனைவரை விரலால் பயணம் செய்தார். நீண்ட பயணம்.

"பாட்டுப் பெட்டிதான்," என்றார் கடைசியில்.

வீரமுத்து அதை மலாயில் சொன்னான். சார்ஜன் துப்பாக்கி உறையின் பித்தானைப் போட்டார். எழுந்து அமிர்தலிங்கத்தின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கோயில் பக்கம் போனார். வீரமுத்து மட்டும் போகவில்லை. இதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"தம்பி, இப்படி வாங்க," என்றார் ராமகிருஷ்ணன். "நான் ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னால இருந்து ரேடியோ பாக்கறவன். ஒண்ணு கேக்கறேன், மறைக்கக்கூடாது."

"இல்லைங்கய்யா."

"முட்டாளுங்க கெடுத்த பெட்டி எவ்வளவோ பாத்திருக்கேன். முட்டாளுக்கு ரெண்டு தப்புதான் வரும், மூணாவதுக்குள்ளே பெட்டி வெடிச்சிடும். இது வெடிக்கல. ஒவ்வொரு தப்பும், மறுபடி எங்க கடைக்கு வர்ற அளவுக்குத்தான் கெட்டிருக்கு. இப்படிக் கணக்காக் கெடுக்கணும்னா வேலை நல்லாத் தெரிஞ்சிருக்கணும்."

அமிர்தலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்தான். பின்னால் நின்ற செல்லம்மா அவன் முதுகைக் கிள்ளினாள்.

"அந்தக் கிராமபோன் ஊசியிலேயே நான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்," என்றார் ராமகிருஷ்ணன். "நேராக் கேக்கக் கூச்சப்பட்டு, தெரியாத மாதிரி நடிச்சுக்கிட்டு பஸ் ஏறி ஏறி வந்திருக்கீங்க. சரி, போகட்டும். போலீஸ் ஜீப்புல வந்து பொண்ணு கேட்ட சம்பந்தம் லுக்குட்லயே எங்களுக்கு மட்டுந்தான். நீலாய்க்காரங்களை வர வேணாம்னு சொல்லிட்டேன்."

மூலையில் நின்ற தங்கராஜு, "அதைத்தாங்க நானும் பேசலாம்னு..." என்று ஆரம்பித்தார்.

"பேசியாச்சு மண்டோரே. உக்காருங்க."

செல்லம்மா காப்பி கலக்க ஓடினாள். வீரமுத்து துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரும் கேட்காமலே பாயை விரித்தான். தார்க் குளம் இருந்த பாய். மறுபடி சுருட்டினான்.

அமிர்தலிங்கம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லிப் பெண் வாங்கியது போலவும் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால், வீட்டில் ரேடியோ கெட்டுப்போகிற ஒவ்வொரு முறையும் அவள் தன்னைப் பார்ப்பாள். ஆயுள் முழுவதும் எப்படி நடிப்பது?

பெட்டியிலிருந்து கொம்புகளைக் கழற்றிக்கொண்டிருந்த பஞ்சாலையின் அருகில் போய் நின்றான். முதல் முறையாக வளையலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தான்.

"அப்பா சொல்றது தப்பு. நான் நடிக்கல. எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது."

அவள் கழற்றுவதை நிறுத்தவில்லை.

"அந்த ஈயத்தைப் பாத்தாலே தெரியுதே," என்றாள் மெதுவாக.

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

அவள் காது மடல் சிவந்தது. பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள். ஏமாந்துபோன ஒருத்தி இப்படித்தான் குனிவாள் என்று நினைத்து அவன் மனம் கனத்தது.

கோயிலிலிருந்து ஆள் வந்து, கிதார்க்காரர் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டுப் போனான். ராமகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார்.

"சம்பந்தம் முடிஞ்சுது. வாசிக்கறதுக்குத்தான் வழி இல்ல. இந்தப் பெட்டிக்கு ஆதியில இருந்த சிக்ஸ் வி சிக்ஸ்தான் ஒத்துவரும். ரெண்டே ரெண்டு இருந்தா அரை மணியில பழைய மாதிரி ஆக்கிடுவேன். அது இப்ப இந்தப் பக்கத்துல யாருகிட்டயும் கிடையாதாம். கப்பல் வரலைன்னு பஞ்சாலை சொன்னா."

அடுப்படி வாசலில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த மயிலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கா இவ்வளவு பாடு? கிராணித் தம்பி மொத நாளு வால்வு கேட்டு வந்துட்டுப் போனாரே, அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ளே இவதான் ஒரு பெட்டி சிக்ஸ் வி சிக்ஸைத் தூக்கிக்கிட்டு வந்து என் அலமாரியில சேலைங்களுக்கு அடியில வச்சு, அப்பாகிட்ட சொல்லிடாதம்மான்னா."